ரங்கூன் வீட்டு வெந்நீர்

முப்பத்தைந்து வயதில் என் வயிறு என்னோடு ஒத்துழைப்பதை நிறுத்திக்கொண்டது. அப்போது திண்டுக்கல்லில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தேன். காலையில் மணியடிக்கும் முன் ஒரு டீ, இடைவேளையில் ஒரு டீ, மத்தியானம் சாப்பிட்டது செரிக்க ஒரு டீ, பள்ளிக்கூடம் விட்டதும் எதிர்க்கடையில் பஜ்ஜிக்குத் துணையாக ஒரு டீ என்று ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் நெஞ்சுக்குழி எரியத் தொடங்கும். புளித்த ஏப்பம் வரும். தான் எது பேசினாலும் நான் ஏப்பத்தாலேயே பதில் சொல்வதாக என் மனைவி புகார் சொன்னாள்.

டாக்டர் வயிற்றை அங்கங்கே அமுக்கிப் பார்த்துவிட்டு, "டீயை விட்டுருங்க சார்" என்றார்.

"முழுசாவா? பாதியாக் குறைச்சுக்கிடவா?"

"பாதி விட்டா பாதி எரியும்."

அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். விடத்தான் இல்லை. அந்த இடத்தில் வேறு ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு விடலாம் என்று நினைத்தேன். மனைவி சுக்கு மல்லி போட்டுக் கொடுத்தாள். சீரகம் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். எல்லாமே காய்ச்சலில் படுத்தவனுக்குக் கொடுப்பது போல இருந்தது. எனக்கு வேண்டியது டீயாகவும் இருக்க வேண்டும், டீயாக இல்லாமலும் இருக்க வேண்டும். அப்படி ஒன்று கிடையாது என்று மனைவி சொன்னாள்.

நாங்கள் குடியிருந்தது ஒரு காம்பவுண்டு வீட்டில். நடுவில் முற்றம், முற்றத்தில் கிணறு, சுற்றிலும் வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் பொதுவாகத் தெருவைப் பார்த்து ஒரு கதவு. சொந்தக்காரர் பேகம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த ஒரு பாய். கிணற்றுத் தண்ணீர் உப்பு. குளிக்கவும் துவைக்கவும் ஆகும். சோறு பொங்கவும் குடிக்கவும் நல்ல தண்ணீர் தெருக் குழாயில் வரும், ஒருநாள் விட்டு ஒருநாள். வரும் அன்று பெண்கள் விடிவதற்குமுன் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, குடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் எங்களுக்கு அடுத்த வீட்டுக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி குடிவந்தார்கள். ரங்கூனில் கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டதும் கப்பலேறி வந்தவர்கள். அவருடைய அப்பா குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து இளவயதில் பர்மாவுக்குப் போனவராம். இவர் அங்கேயே பிறந்து, அங்கேயே மளிகைக்கடை வைத்து, அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டவர். வந்ததும் முதலில் பூர்வீக ஊருக்குத்தான் போயிருக்கிறார். மழைக்கு மானத்தைப் பார்த்துக் கிடக்கும் காட்டில் சோளத்தட்டையைத் தவிர ஒன்றும் இல்லை. சொந்தக்காரர்கள் அன்பாக விசாரித்து, எப்போது கிளம்புகிறீர்கள் என்றும் கேட்டிருக்கிறார்கள். அதன்பிறகு திண்டுக்கல்லுக்கு வந்து ஒரு புகையிலைக் கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

அந்த அம்மாள் கைலி மாதிரி ஒன்று கட்டிக்கொண்டு, முகத்தில் சந்தனம் போல எதையோ பூசிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நடமாடினார். காம்பவுண்டுப் பெண்கள் கைலியைப் பற்றி இரண்டு நாள் பேசினார்கள். பூவைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

என் மனைவிதான் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் ஒட்டன்சத்திரத்துக்காரி. போன இடத்தில் என்ன கொடுத்தார்கள் என்பதைப் போன காரியத்துக்கு முன்பே சொல்லிவிடுவாள்.

"ஏனுங்க, ரங்கூன் வீட்டுக்குப் போயிருந்தேன். வெந்நீர் குடுத்தாங்க."

"வெந்நீரா?"

"ஆமாங்க. யார் வந்தாலும் அதுதானாம். மேசை மேலயே ஒரு கெண்டியில வெச்சிருக்குது அந்தக்கா. 'தங்கச்சி வெந்நீர் குடி, வெந்நீர் குடி'ங்குது. கறுப்பா இருக்குதுங்க. இரும்புச் சட்டியைக் கழுவி ஊத்துனதாட்டம் ஒரு கசப்பு."

இதைக் கேட்ட காம்பவுண்டு ஒரு முடிவுக்கு வந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள், டீத்தூள் வாங்க வழியில்லை, கௌரவத்துக்காக வெந்நீரைக் காய்ச்சி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாயங்கால நேரத்தில் அந்த வீட்டுப் பக்கம் போய் அவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது. என் மனைவி ஒருபடி மேலே போய், ஒரு பொட்டலம் டீத்தூளை, ஊரிலிருந்து வந்தது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் அந்த அம்மாள் பதில் மரியாதையாக ஒரு கெண்டி நிறைய வெந்நீரோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

மரியாதைக்கு நானும் ஒரு வாய் குடித்தேன். கசந்தது. ஆனால் அந்தக் கசப்பு எனக்குப் பழக்கமானதாக இருந்தது. கெண்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். அடியில் இலை கிடந்தது.

அன்று சாயங்காலம் ரங்கூன்காரரிடம் போனேன்.

"வெந்நீர்தான் சார், ஆனா வெந்நீர் இல்ல" என்றார் அவர். "பச்சைத் தேயிலை. பறிச்ச உடனே வறுத்துருவாங்க, கறுக்க விடமாட்டாங்க. பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. பர்மாவுல இதுக்குப் பேரே வெந்நீர்னுதான் சொல்லுவாங்க. டீக்கடையில போய் உக்காந்தா நீங்க எதுவும் கேக்குறதுக்கு முன்னாடியே ஒரு கெண்டி கொண்டாந்து வெச்சுருவான். எம் பொஞ்சாதி அதை அப்படியே தமிழ்ல சொல்லிக்கிட்டுத் திரியுறா."

இப்போது கடைக்குக் கடை பாக்கெட்டில் தொங்குகிற கிரீன் டீதான் அது. அன்றைக்குத் திண்டுக்கல்லில் அப்படி ஒன்று இருப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

"வயித்துக்கு எப்படி?"

"வயித்துக்கா? அந்த ஊர்ல எம்புட்டு எண்ணெய் ஊத்திச் சமைக்கிறான் தெரியுமா? நெஞ்செரிச்சல்னு ஒருத்தன் சொல்லி நான் கேட்டதில்ல. எல்லாம் இதனாலதான். ரத்தம் சுத்தமாகும். கொழுப்புக் கரையும். கண்ணுக்கு நல்லது. கிழவனெல்லாம் குச்சி மாதிரி இருப்பான்."

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாள் தலையை நீட்டினார். "எங்கப்பா தினம் குடிச்சுது. வயிறு இம்புட்டு" என்று இரண்டு கைகளாலும் காட்டினார். "கண்ணாடியும் போட்டுது."

"அது அவங்க பரம்பரை சார்" என்றார் ரங்கூன்காரர்.

தேயிலை டின்னைத் திறந்து காட்டினார். மூடி இறுக்கமான பெரிய டின். முக்கால்வாசி இருந்தது. வைக்கோல் போரில் மழை பட்டுக் காய்ந்தால் வருமே, அப்படி ஒரு வாசனை. ஆனால் கெண்டியிலிருந்து விழுந்தது பேனா மை போல இருந்தது. ரங்கூனில் இளம் மஞ்சளாக இருக்குமாம். கப்பலில் உப்புக் காற்று பட்டு இலை கெட்டுவிட்டது என்று அவர் நினைத்தார். அந்த அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "இலை நல்லது. இங்கே வந்து வெந்நீர் செத்துப்போச்சு" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "எந்தத் தண்ணியில போடுறீங்க?"

கிணற்றைக் காட்டினார்கள். குழாய்த் தண்ணீருக்கு வரிசையில் குடம் வைக்க வேண்டும் என்பதும், வைத்தால் சண்டை போட வேண்டும் என்பதும் அந்த அம்மாளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

பள்ளி ஆய்வுக்கூடத்திலிருந்து சில சோதனைக் குழாய்களை எடுத்து வந்தேன். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் சவுக்காரக் கரைசலைச் சொட்டவிட்டுக் குலுக்கினேன். குழாய்த் தண்ணீர் கொஞ்சம் நுரைத்தது. கிணற்றுத் தண்ணீர் திரிந்துபோய்த் தயிர் மாதிரி நின்றது. கடின நீர், சுண்ணாம்புச் சத்து என்று விளக்கினேன். பள்ளியில் இதே பாடத்துக்குக் கடைசி பெஞ்சில் யாராவது தூங்கிவிடுவார்கள். இங்கே முழுக் காம்பவுண்டும் நின்று கேட்டது.

ஒழுகுகிற கூரை ஓட்டைப் பார்க்க வந்திருந்த பாயும் கேட்டுவிட்டு, கெண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"சுண்ணாம்பு மட்டும் இல்ல வாத்தியாரே. இந்தக் கிணத்துல இரும்பும் இருக்கு. மரப்பட்டைச் சாறுல ஊறுன தோல் மேல இரும்புத் தண்ணி பட்டாக் கறுப்பா விழுந்துரும், அப்புறம் என்ன செஞ்சாலும் போகாது. இலைச்சாறும் அப்படித்தேன்."

கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சுவது எனக்கும் தெரியும். ஆகவே நாங்கள் குடித்தது மைதான் என்று உறுதியானது.

மறுநாள் எங்கள் வீட்டு நல்ல தண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது எதுக்குங்க?"

"வயித்துக்கு."

"நானு இருட்டுல போயி ஒக்காந்து புடிச்சுட்டு வந்த தண்ணிங்க அது. சோத்துக்கே பத்தல. இவரு எலை ஊறப்போடறதுக்கு நல்ல தண்ணி கேக்குறாரு."

"வைத்தியம்னு நெனச்சுக்க."

"வைத்தியம்னா டாக்டர் எழுதிக் குடுத்தாரா?"

எழுதிக் கொடுக்கவில்லை. இருந்தாலும் செம்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அவளும் பின்னால் வந்தாள், செம்பு திரும்பி வருகிறதா என்று பார்க்க.

நமக்குத் தெரிந்தது, தண்ணீரையும் தூளையும் சேர்த்துப் பொங்கப் பொங்கக் கொதிக்க வைப்பது. நான் அதைத்தான் செய்யப் போனேன். அந்த அம்மாள் என் கையிலிருந்து இலையைப் பிடுங்கிக்கொண்டார். தண்ணீரை மட்டும் கொதிக்க வைத்தார். இறக்கியதும் இலையில் ஊற்றவில்லை. முதலில் ஒரு கனத்த வெறும் ஜாடியில் ஊற்றினார். பிறகு ஜாடியை இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்துப் பார்த்தார். சூடு தாங்காமல் கையை எடுத்துவிட்டு என் மனைவியோடு பேசினார். மறுபடி பிடித்தார். கை தாங்கியதும் கெண்டியில் ஒரு சிட்டிகை இலையைப் போட்டு அந்தத் தண்ணீரை ஊற்றி மூடினார். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும், எல்லாவற்றையும் கிண்ணங்களில் வடித்துவிட்டார். கெண்டிக்குள் ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கவில்லை.

"தண்ணி கிடந்தா இலை கோவிச்சுக்கும்" என்றார்.

நிறம் பரவாயில்லை. மஞ்சளும் பழுப்புமாக இருந்தது. கசப்பு நாக்கில் பட்டுவிட்டுப் போய்விட்டது, பின்னால் லேசாக ஒரு இனிப்பு வந்தது. அதே இலையில் இரண்டாம் தடவை ஊற்றியது முதல் தடவையைவிட நன்றாக இருந்தது. நான் ஆய்வுக்கூடத்து வெப்பமானியைக் கொண்டுவந்து, அவர் கை ஜாடியைத் தாங்கும்போது உள்ளே தண்ணீர் எவ்வளவு சூடு என்று அளந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எண்பது டிகிரிக்குக் கொஞ்சம் கீழேதான் நின்றது. இதை அந்த அம்மாளிடம் சொன்னபோது அவர் வெப்பமானியைத்தான் பாராட்டினார்.

இதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். எனக்கு ஒரு யோசனை வந்தது. இலை செத்த நேரம் ஊறினாலே இவ்வளவு நல்லது என்றால், நெடுநேரம் ஊறினால் எவ்வளவு நல்லது. ரங்கூன்காரரும் இருக்கலாம் சார் என்றார். அவரிடம் ஒரு கைப்பிடி இலை வாங்கி, சாப்பாட்டுக்குப் பின் வெந்நீரில் போட்டு மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் வெறும் வயிற்றில் முழுச் செம்பையும் குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

பிரார்த்தனைப் பாட்டு பாதியில் இருக்கும்போது மைதானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நெற்றி குளிர்ந்து வியர்த்தது. நின்றால் விழுந்துவிடுவேன் என்று தெரிந்ததால் அப்படியே மண்ணில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். தலைமையாசிரியர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார். பாட்டு முடிந்ததும் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தேன். பக்தி இல்லை என்று அப்போது அவருக்கு விளங்கியது.

வீட்டில் படுத்திருந்தபோது அந்த அம்மாள் வந்து பார்த்தார். என் மனைவி நடந்ததைச் சொன்னாள். கொஞ்சம் கூடுதலாகவே சொன்னாள்.

"சார், நீ வெறும் வயிறு குடிச்சே?"

"ஆமா."

"ராத்திரி முழுக்க இலை போட்டே?"

"ஆமா. சத்து இறங்கட்டும்னு."

 அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். "சார், இது மருந்து இல்லே. வெந்நீர். சோறு சாப்பிடு. பேசு. குடி. மறுபடி பேசு. அம்புட்டுதான்."

பேசுவது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவர் சொன்ன மாதிரியே செய்தேன். சாயங்காலம் பள்ளி விட்டதும் எதிர்க்கடைக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்தேன். ரங்கூன்காரர் கிட்டங்கியிலிருந்து வருவார். என் மனைவியும் வேலையை முடித்துவிட்டு வருவாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, சாப்பாடு பரிமாறாமல், சும்மா பேசிக்கொண்டிருந்தது அந்த நாட்களில்தான். அவளுக்கு அவ்வளவு விஷயம் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

குழாயடி வரிசையில் குடம் வைக்க அந்த அம்மாளுக்கு அவள்தான் கற்றுக்கொடுத்தாள். சண்டை போடுவதற்குத் தேவையான தமிழையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பெண்கள் எல்லோரும் ஓட்டுக்கு அடியில் அண்டாவையும் குடத்தையும் வைத்தார்கள். அந்த அம்மாள் அப்படிச் செய்யவில்லை. முற்றத்தில் துணி காயப்போடும் கம்பிகளில் ஒரு வெள்ளைத் துணியை நான்கு மூலையும் இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டு, அதற்கு நேர் கீழே குடத்தை வைத்தார். முதல் மழையைப் பிடிக்காமல் விட்டார். துணி நன்றாக அலசுப்பட்ட பிறகு விழுந்த தண்ணீரைத்தான் சேர்த்தார். ஒரு குழாயில் அதை எடுத்துச் சவுக்காரக் கரைசல் விட்டுக் குலுக்கினேன். நுரை குழாயின் வாய்வரை வந்து நின்றது.

அன்று போட்ட வெந்நீர் இளம் மஞ்சளாக இருந்தது. கிண்ணத்தின் அடியில் எழுதியிருந்த பூ தெரிந்தது. ரங்கூன்காரர் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார். மறுபடி ஊற்றினார்கள். அதையும் குடித்துவிட்டு, "சரியா இருக்கு" என்றார். 

அந்த அம்மாள் கெண்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். வெந்நீர் என்று முன்பு ஒதுங்கியவர்கள் எல்லோரும் குடித்தார்கள். ஒரு வீட்டில் சீனி கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. ஓடு மாற்ற ஆளோடு வந்த பாய்க்கும் ஒரு கிண்ணம் கிடைத்தது. நின்றுகொண்டே குடித்துவிட்டு, "வாய் சுத்தமா இருக்கும்மா" என்றார். ஓட்டை அன்றைக்கே மாற்றிக் கொடுத்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருந்ததா என்று தெரியாது.

மழைக்காலம் முடிவதற்குள் டின் காலியாகிவிட்டது. ரங்கூனிலிருந்து வரவழைக்க வழியில்லை. மதுரையில் விசாரித்தோம். கேட்ட கடையில் எல்லாம், பச்சை டப்பாவில் வரும் டீத்தூளை எடுத்துக் காட்டினார்கள்.

என் மனைவியின் அண்ணன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருந்தார். அவருடைய லாரி ஒன்று உடுமலைப்பேட்டை வழியாக மூணாறுக்குக் காய் ஏற்றிக்கொண்டு போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு போய் அவரிடம் சொன்னேன்.

"தூளுங்களா மாப்பிள்ளை? எத்தனை வேணுமுங்க?"

"தூள் இல்ல மச்சான். பச்சை இலை. செடியில இருக்குறது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆட்டுக்குங்களா?"

"குடிக்கிறதுக்கு."

தங்கை பக்கம் திரும்பி, "இவருக்கு உடம்பு எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டார்.

இருந்தாலும் டிரைவரிடம் சொல்லிவிட்டார். டிரைவர் தோட்டத்தில் தெரிந்தவர்களிடம் கேட்டு ஒரு சாக்கு இலையைக் கொண்டுவந்து இறக்கினார். இலை வாடக் கூடாது என்று நல்லெண்ணத்தில் சாக்கை நனைத்து இறுக்கிக் கட்டியிருந்தார். அந்த அம்மாள் சாக்குக்குள் கையை விட்டதும் வெளியே எடுத்துவிட்டார். "ஜுரம்" என்றார். உள்ளே வெந்துபோய், இலையெல்லாம் செம்பு நிறத்துக்கு மாறியிருந்தது. வந்த வாசனை எதிர்க்கடை டீயின் வாசனை. நான் கொஞ்சம் கூடுதலாகவே முகர்ந்து பார்த்ததாக மனைவி சொன்னாள்.

பறித்த இடத்திலேயே வறுத்தால்தான் ஆகும். அந்த அம்மாள் டிரைவரை அடுப்பு முன்னால் நிற்க வைத்து, முருங்கைக்கீரையை வைத்து வறுத்துக் காட்டினார். சட்டி காய வேண்டும், எண்ணெய் கூடாது, கை நிற்கக் கூடாது, கருகக் கூடாது, பிறகு முறத்தில் கொட்டி உள்ளங்கையால் உருட்ட வேண்டும். மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டார்.

அடுத்த நடையில் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பிரித்தோம். நிறம் பச்சைதான். இலை சுருண்டு, காய்ந்து, பார்க்க ஒழுங்காக இருந்தது. ஆனால் கருவாட்டு வாடை வீசியது.

"வேற சட்டி கிடைக்கலீங்கம்மா" என்றார் டிரைவர். "தோட்டத்து லைன் வீட்டுல அடுப்பு குடுத்ததே பெருசுங்க. நல்லாத் தேச்சுத்தானுங்க கழுவுனேன்."

ரங்கூன்காரர் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார். நானும் அதைத்தான் செய்திருப்பேன். அந்த அம்மாள் அதை எடுத்துப் பிரித்து, மறுபடி முகர்ந்தார். பிறகு, மிச்சமிருந்த மழைத்தண்ணீரைக் காய வைத்தார். எப்போதும்போலவே ஜாடியில் ஊற்றி, கை வைத்துப் பார்த்து, கெண்டியில் மூடி, வடித்தார். கிண்ணத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் சிரிக்கத் தொடங்கினார். சத்தமில்லாமல், தோள் குலுங்க, நெடுநேரம் சிரித்தார். புருஷனிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்கண்ணே?" என்றேன்.

"அவங்க அம்மா வீட்டுல மீன் அரைச்சுப் புளிக்க வெச்ச ஜாடிக்குப் பக்கத்துலதான் தேயிலை டின் இருக்குமாம். வீட்டுல எப்பவும் வெந்நீர் இந்த வாசம்தான் அடிக்குமாம். அந்த ஜாடியைத் தள்ளி வையின்னு கல்யாணம் ஆகுறவரைக்கும் அம்மாகூடச் சண்டை போடுவாளாம்."

"அம்மா இப்ப எங்கண்ணே?"

"அங்கதான். வரமாட்டேன்னுட்டாங்க."

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மனைவியிடம் கிண்ணத்தை நீட்டினார். "தங்கச்சி, குடி. எங்கம்மா வெந்நீர்."

என் மனைவி மீன் சாப்பிடாதவள். இரண்டு கையாலும் வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்கக்கா" என்றாள். நானும் குடித்தேன். அன்று முழுக்க எனக்குக் கருவாட்டு ஏப்பமாக வந்தது. அந்தப் பொட்டலத்தை அந்த அம்மாள் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். எங்களுக்கு டிரைவர் பிறகு புதுச் சட்டியில் வறுத்துக் கொண்டுவந்தார். அது சுமாராக இருந்தது. குடிக்கலாம்.

அடுத்த கோடையில் டாக்டரிடம் போனேன். வயிற்றை அமுக்கினார். எங்கேயும் வலிக்கவில்லை.

"டீயை விட்டுட்டீங்களா?"

பச்சைத் தேயிலையைப் பற்றி, தண்ணீரின் கடினத்தன்மை, சூடு, ஊறும் நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "வேற என்னம்மா மாத்தினாரு?" என்றார்.

"எதுத்த கடையில பஜ்ஜி திங்கறதை விட்டுட்டாருங்க. சாயங்காலம் சிரிச்சுப் பேசறாருங்க."

டாக்டர் தலையை ஆட்டினார். எதற்காக ஆட்டினார் என்று நான் கேட்கவில்லை.

இன்னும் ஒரு வருஷம் போல அவர்கள் இருந்தார்கள். சென்னையில் ரங்கூனிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் சேர்ந்து குடியிருப்பதாகவும், துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் தனக்கு வேலை இருப்பதாகவும் ரங்கூன்காரர் ஒருநாள் சொன்னார். தன் பெண்டாட்டிக்கு அவள் பாஷையில் பேச நாலு பேர் கிடைப்பார்கள் என்றார். நல்ல காரணம்தான். 

ரயிலடிக்குப் போய் ஏற்றிவிட்டோம். அந்த அம்மாள் கெண்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். என் மனைவி ஜன்னல் வழியாகப் பூவைக் கொடுத்தாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் எந்த ஊரில் எப்படி இருக்குமோ என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னைத் தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்ததை ரங்கூன்காரரிடம் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். வண்டி புறப்பட்டது.

திரும்பி வரும்போது மனைவி என்னைவிடச் சில அடி முன்னால் நடந்தாள். ஸ்டேஷன் ரோட்டு முனையில் நின்று, நான் வந்து சேரும்வரை காத்திருந்தாள்.

"வடகத்தை வெயில்ல போட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள். "காக்கா கொத்திரும். வெரசா நடங்க."